‘அவசியமில்லாத பயணம்’ என்றால் யாருடைய பயணம்?
பயண எச்சரிக்கை எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வெளியுறவு அமைச்சகங்களிலும் தூதரகங்களிலும் உட்கார்ந்து பயண எச்சரிக்கைகளை எழுதுபவர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. உங்கள் எழுத்தை மட்டும் பல வருடங்களாகப் படித்து வருகிறேன்.

காரணம், என் சித்தி மகள். நர்ஸ். சண்டை ஓயாத ஒரு நாட்டில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் வேலைக்கு ஏதாவது ஆகலாம். விடுமுறையில் வந்திருந்தவள், திரும்பிப் போக வேண்டிய வாரத்தில் உங்களைப் போன்ற ஒருவர் எழுதிய அறிவிப்பைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். ‘அவசியமில்லாத பயணங்களைத் தவிர்க்கவும்’ என்ற வரியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். அதன் கீழே ஒரே கேள்வி: “அண்ணா, நான் போறது அவசியமா, இல்லையா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

அந்த ஒரு சொல்லையோ அதன் சாயலையோ பல நாட்டுக்காரர்களும் வைத்திருக்கிறீர்கள். பிரிட்டன் ‘அவசியப் பயணம் தவிர மற்றவை வேண்டாம்’ என்கிறது. கனடா ‘அவசியமற்ற பயணத்தைத் தவிருங்கள்’ என்கிறது. ஆஸ்திரேலியாவின் நான்கு எச்சரிக்கைப் படிகளில் மூன்றாவது, ‘போக வேண்டிய தேவை இருக்கிறதா என்று மறுபடி யோசியுங்கள்’. அமெரிக்கா 2018 ஜனவரியில் பழைய முறையைக் கைவிட்டு நான்கு படிகளைக் கொண்டுவந்தது. அங்கேயும் மூன்றாம் படி ‘பயணத்தை மறுபடி யோசியுங்கள்’தான். சரி, எது அவசியம்? பிரிட்டன் அரசு இதற்கு ஒரு விளக்கமும் தருகிறது: அதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும், அவசரக் குடும்பக் காரியமோ தொழில் காரியமோ இருக்கலாம், உங்கள் நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். நேர்மையான பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே அரசு, எங்கள் அறிவுரையை மீறிப் போனால் உங்கள் பயணக் காப்பீடு செல்லாமல் போகலாம் என்றும் எழுதுகிறது. அவசியம் என்று நானே முடிவு செய்துகொள்ளலாம். காப்பீட்டு நிறுவனம் அந்த முடிவை ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு கதை.

தமிழில் ‘அவசியம் வாங்க’ என்று உபசாரத்துக்குக்கூடச் சொல்வோம். வராவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. உங்கள் அறிவிப்புகளில் வரும் ‘அவசியம்’ சில சமயம் அந்த ரகத்தில் சேர்ந்துவிடுகிறது. இந்தச் சொல் என்ன செய்யும் என்பதை ஒரு பதினைந்து நாள் கதையில் பார்க்கலாம்.

2022 பிப்ரவரி 15. கீவில் இருந்த இந்தியத் தூதரகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உக்ரைனில் இருக்கும் இந்தியர்கள், குறிப்பாகத் தங்கியிருப்பது அவசியமில்லாத மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது அதன் சாரம். அதைப் படிக்கும் ஒரு மருத்துவ மாணவரை நினைத்துப் பாருங்கள். வகுப்புக்குப் போவதற்காகத்தான் அவர் அந்த நாட்டிலேயே இருக்கிறார். வருகைப் பதிவு குறைந்தால் வருடம் போய்விடும். அவர் தங்கியிருப்பது அவசியமா, இல்லையா? ‘யோசிக்கலாம்’ என்றால் அவரும் யோசித்துக்கொண்டுதான் இருப்பார். 20-ஆம் தேதி இன்னொரு அறிவிப்பு: எல்லா மாணவர்களும் தற்காலிகமாக வெளியேறும்படி அறிவுரை. அப்போதும் மாணவர்கள் தூதரகத்துக்குப் போன் போட்டுக் கேட்டது ஒன்றுதான்: ஆன்லைன் வகுப்பு உண்டா? 22-ஆம் தேதி தூதரகம் அதற்கும் பதில் எழுதியது. பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ உறுதிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

24-ஆம் தேதி அதிகாலை குண்டு விழுந்தது. வான்வெளி மூடப்பட்டது. மாணவர்களை ஏற்றிவரக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் திரும்பியது. மார்ச் 1 அன்று கார்கிவில் ஓர் இந்திய மாணவர் கொல்லப்பட்டார். மார்ச் 2 அன்று வந்த அறிவிப்பில் அவசியம் பற்றிய பேச்சே இல்லை. கார்கிவை உடனே விட்டு வெளியேறுங்கள். பெசோச்சின், பாபாய், பெஸ்லுடோவ்கா ஆகிய இடங்களுக்குப் போய்ச் சேருங்கள். மாலை 6 மணிக்குள். வண்டியோ ரயிலோ கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள். மூன்று ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர் என்றுகூட அதில் இருந்தது: 11, 12, 16.

‘யோசிக்கலாம்’ என்பதற்கும் ‘நடந்தே போங்கள்’ என்பதற்கும் இடையில் பதினைந்தே நாள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த அறிவிப்பு கடைசியாக வந்ததுதான். ஊரின் பெயர், தூரம், நேரம், வண்டி இல்லையென்றால் என்ன செய்வது, எல்லாம் இருந்தது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு எழுதியதுபோல் இருந்தது. அந்தத் தெளிவில் கால்வாசி 15-ஆம் தேதி இருந்திருந்தால் போதும். பின்னால் சுமார் 22,500 பேரைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. எல்லைகளில் நின்று அதைச் செய்தவர்களும் உங்கள் துறைக்காரர்கள்தான். ஆனால் மீட்பு நடவடிக்கைக்குப் பெயர் வைக்கிறோம், பத்திரிகையில் படம் வருகிறது. சரியான நாளில் எழுதப்பட்ட ஒரு நல்ல வாக்கியத்துக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

ஏன் மென்மையாக எழுதுகிறீர்கள் என்பது எனக்கும் புரிகிறது. அதே பிப்ரவரியில், 11-ஆம் தேதி வாக்கில், அமெரிக்காவும் பிரிட்டனும் தங்கள் மக்களை ‘இப்போதே கிளம்புங்கள்’ என்றன. அதற்கு முன்பே ஜனவரி கடைசியில் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி, இந்தப் பீதி எங்கள் பொருளாதாரத்தைக் கெடுக்கிறது என்று வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். நீங்கள் எழுதும் ஒரு வரி, அந்த நாட்டு அரசைப் பற்றிய தீர்ப்பாகவும் படிக்கப்படுகிறது. 2014 மே மாதம் பிரிட்டன் கென்யக் கடற்கரை நகரமான மொம்பாசாவுக்கு எச்சரிக்கை விட்டது. சுற்றுலா நிறுவனங்கள் விருந்தாளிகளைப் பாதியில் விமானம் ஏற்றி அனுப்பின. கென்ய அரசு கோபித்துக்கொண்டது. கோபத்தில் நியாயமும் இருந்தது: அந்தக் கடற்கரை விடுதிகளில் வேலை செய்தவர்களுக்கு அதோடு சம்பளம் போயிற்று.

எச்சரிக்காமல் விட்டாலும் பழி உங்களுக்குத்தான். 2015 ஜூன் 26, துனிசியாவின் சூஸ் கடற்கரை. சுட்டுக் கொல்லப்பட்ட 38 பேரில் 30 பேர் பிரிட்டன்காரர்கள். மூன்று மாதம் முன்புதான் அதே நாட்டில் பார்டோ அருங்காட்சியகத்தில் தாக்குதல் நடந்திருந்தது. பயங்கரவாத ஆபத்து அதிகம் என்று பிரிட்டனின் இணையப் பக்கத்தில் இருந்தது. ‘சூஸுக்குப் போகாதீர்கள்’ என்று இல்லை. 2017-இல் நடந்த மரண விசாரணையில் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: அந்தப் பக்கத்தைப் பற்றி எங்களிடம் யார் சொன்னார்கள்? எழுதினால் மட்டும் போதாது, அது படிக்கிறவர் கையில் போய்ச் சேர்ந்ததா என்பதும் உங்கள் வேலையில் சேர்த்திதான். தாக்குதல் நடந்த இரண்டு வாரத்துக்குள், ஜூலை 9 அன்று, துனிசியா முழுவதற்கும் ‘அவசியம் தவிர வேண்டாம்’ என்று வந்தது. அது விலக்கப்பட இரண்டு வருடம் ஆனது.

நான் உண்மையில் சண்டைக்கு வருவது வேறு ஓர் இடத்தில். உங்கள் மொழியில் பயணி என்றால் அவர் சுற்றுலாப் பயணி. விடுமுறையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடக் கூடியவர். போரால் அடிபட்ட நாட்டுக்கு விமானத்தில் போகிறவர்களைப் பாருங்கள், அப்படிப்பட்டவர் எத்தனை பேர்? கட்டட வேலைக்குப் போகிறவர், லாரி ஓட்டப் போகிறவர், நர்ஸ், மாணவர், அப்புறம் அந்த நாட்டிலேயே பிறந்து வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர். கடைசி ஆளுக்கு அது வெளிநாட்டுப் பயணமே இல்லை, வீட்டுக்குப் போவது. இலங்கையில் போர் நடந்த வருடங்களில் வடக்குக்கும் கிழக்குக்கும் போக வேண்டாம் என்று பல நாடுகள் எழுதிவைத்திருந்தன. தெற்குக் கடற்கரைகளுக்கு வெள்ளைக்காரர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 2002 போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலை திறந்தபோது வடக்கே போனவர்களில் பலர் லண்டனிலிருந்தும் டொரோண்டோவிலிருந்தும் வந்த தமிழர்கள். அம்மாவைப் பார்க்கப் போனார்கள், எரிந்துபோன வீட்டைப் பார்க்கப் போனார்கள். 2006 ஆகஸ்டில் சாலை மறுபடி மூடப்பட்டது. அம்மாவின் சாவுக்குப் போவது அவசியமா என்று அவர்களிடம் எந்தப் படிவத்தில் கேட்பீர்கள்?

கடனும் ஓர் அவசியம்தான். 2014-இல் இராக்கின் திக்ரித் ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸ்கள் சிக்கியிருந்தார்கள். பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள். ஊர் ஐஎஸ் தீவிரவாதிகள் கைக்குப் போனபிறகும் உடனே கிளம்பிவிட எல்லாருக்கும் மனம் வரவில்லை. மாதக்கணக்கில் சம்பள பாக்கி. படிப்புக்கும் வேலைக்கும் வாங்கிய கடன் அப்படியே நின்றது. ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சியில் வந்து இறங்கினார்கள். அதே ஜூனில் மோசூலில் பிடிக்கப்பட்ட 39 கட்டடத் தொழிலாளர்கள் திரும்பவில்லை. அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது 2018 மார்ச் 20 அன்று. இந்த இரண்டு கூட்டத்திலும் ஒருவரைக்கூட ‘அவசியமில்லாத பயணி’ என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சில சமயம் அரசின் ஒரு கை எழுதுவது இன்னொரு கைக்குத் தெரிவதில்லை. இந்தியாவும் இஸ்ரேலும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி கட்டடத் தொழிலாளர்களின் முதல் குழு 2024 ஏப்ரல் 2 அன்று இஸ்ரேலுக்குக் கிளம்பியது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள், வழியனுப்பும் படங்களோடு. ஏப்ரல் 12 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரை வந்தது: மறு அறிவிப்பு வரும்வரை இரானுக்கோ இஸ்ரேலுக்கோ போகாதீர்கள், ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் நிலைமை மாறியிருக்கலாம், மாறவும் செய்தது. ஆனால் அந்தப் பத்து நாள் முன்பு போனவர் இந்த அறிவிப்பில் எங்கே இருக்கிறார்? அவர் ஒப்பந்தம் என்ன ஆகும்? திரும்பினால் டிக்கெட் யார் செலவு? நடமாட்டத்தைக் குறைப்பது என்றால், சாரத்தில் ஏறாமல் இருக்கலாமா?

இதையெல்லாம் எழுத முடியாது என்று சொல்லாதீர்கள். பிலிப்பைன்ஸ் எழுதுகிறது. லட்சக்கணக்கானவர்கள் வெளிநாட்டில் வேலை செய்யும் நாடு அது. எச்சரிக்கையே தொழிலாளியை மனதில் வைத்து உருவானது. நான்கு படிகள். இரண்டாவது படியில் புதிதாக யாரையும் வேலைக்கு அனுப்புவதில்லை. ஏற்கெனவே ஒப்பந்தம் இருப்பவர் விடுமுறை முடிந்து திரும்பலாம். மூன்றாவதில், விரும்புகிறவர்களை அரசு திரும்ப அழைத்துவரும். நான்காவதில் எல்லாரும் வெளியேற வேண்டும், அரசின் செலவில். படிகள் இருக்கிறதாலேயே எல்லாரும் கிளம்பிவிடுவதில்லை. நான்காம் படியிலும் வேலை போகுமே என்று தங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆனாலும் என் சித்தி மகள் கேட்ட கேள்விக்கு அந்த இரண்டாம் படியில் நேரடியான பதில் இருக்கிறது. புதிதாகப் போகிறவளா, திரும்பிப் போகிறவளா? ‘அவசியம்’ என்ற சொல்லே அங்கே தேவைப்படவில்லை.

தடை போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த மடலைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் ‘அப்படியானால் ஒரேயடியாகத் தடுத்துவிடலாமே’ என்பார். 2004-இல் பிலிப்பைன்ஸ் லாரி ஓட்டுநர் ஒருவர் இராக்கில் கடத்தப்பட்டபின், அந்த அரசு அங்கே தொழிலாளர்கள் போவதைத் தடுத்தது. இந்தியாவும் அந்த வருடம் அதையே செய்தது. 2017-இல் யேமனுக்கும் தடை வந்தது. தடைக்குப் பிறகும் பக்கத்து நாடுகள் வழியாகப் போனார்கள். முகவருக்குக் கூடுதல் பணம், அவ்வளவுதான். அப்படிப் போனவருக்குச் சண்டை மூண்டால் தூதரகத்துக்குப் போன் செய்யவே பயம். எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அவரும் ஒளிந்திருப்பார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போர் நாட்டில் வேலை செய்கிறவர்கள் உங்கள் அறிவிப்பைவிட உங்கள் குடும்பங்களைக் கவனிக்கிறார்கள். தூதரகக்காரர்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா? மனைவிமார் கடைத்தெருவில் தென்படுகிறார்களா? கீவில் அமெரிக்கத் தூதரக ஊழியர்களின் குடும்பங்களைக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது 2022 ஜனவரி 23 அன்று, போருக்கு ஒரு மாதம் முன்பு. அதை அவர்கள் மறைக்கவில்லை, வெளியே சொன்னார்கள். அதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1988 டிசம்பர் 5 அன்று ஹெல்சிங்கியில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு, பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் ஒன்றில் குண்டு வைக்கப்படும் என்று ஒரு போன் வந்தது. அந்தத் தகவல் மாஸ்கோ தூதரகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பொதுமக்களுக்குச் சொல்லவில்லை. டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பிக்கு மேலே பான் ஆம் 103 வெடித்தது. விமானத்திலும் தரையிலுமாக 270 பேர் இறந்தார்கள். அந்தப் போன் வெறும் புரளி, குண்டோடு சம்பந்தமில்லாதது என்றுதான் பின்னால் முடிவானது. ஆனாலும் குடும்பங்கள் விடவில்லை. தூதரக ஊழியருக்கு ஒரு நியாயம், டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு நியாயமா என்று கேட்டார்கள். அதிலிருந்து, சொந்த ஊழியர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையைப் பொதுமக்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது அந்த நாட்டில் விதி. எல்லா அமைச்சகத்துக்கும் இந்த விதி ஒன்றாவது வேண்டும். நீங்கள் குடும்பத்தை அனுப்பிய நாளை எங்களுக்கும் சொல்லுங்கள். ‘அவசியம்’ பற்றிப் பத்து பக்கம் எழுதுவதைவிட அது தெளிவாக இருக்கும்.

அமெரிக்கக் குறிப்புகளில் எனக்குப் பிடித்தது இன்னும் ஒன்று உண்டு. படி எண்ணோடு காரணத்துக்கும் ஓர் எழுத்து போடுகிறார்கள்: குற்றம், பயங்கரவாதம், கலவரம் என்று. 2019-இல் கடத்தலுக்கு ‘கே’ வந்தது, 2022-இல் அநியாயக் காவலுக்கு ‘டி’ வந்தது. ‘மூன்றாம் படி’ என்றால் ஒன்றும் புரியாது. கடத்தல் என்றால் இரவு வண்டியில் போகாமல் இருக்கலாம். குண்டு என்றால் அது உதவாது. மிக ஆபத்தான நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அவர்கள் கொடுத்த அறிவுரையில், உயில் எழுதிவையுங்கள், டிஎன்ஏ மாதிரியை உங்கள் மருத்துவரிடம் விட்டுச் செல்லுங்கள் என்றுகூட இருந்தது. முதல் தடவை படித்தபோது அடிவயிறு கலங்கியது. யோசித்தால், இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இவ்வளவு ஒளிவுமறைவில்லாத வாக்கியம் வேறு இல்லை. எதற்கு டிஎன்ஏ என்று யாரும் விளக்கவே வேண்டாம்.

அதனால் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை எழுதும்போது ‘அவசியமில்லாத’ என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள். அந்த இடத்தில் ஆட்களை எழுத வேண்டிவரும். சுற்றுலா போகிறவர் போக வேண்டாம். புதிதாக வேலைக்குக் கிளம்புகிறவர் நிறுத்தி வையுங்கள். ஒப்பந்தம் இருப்பவர் இந்த மூன்று ஊருக்குத் திரும்பலாம், இந்த இரண்டு ஊருக்கு வேண்டாம். மாணவர்களே, வருகைப் பதிவு பற்றிப் பல்கலைக்கழகத்தோடு நாங்கள் பேசிவிட்டோம், அல்லது பேச முடியவில்லை. விமானம் நின்றால் தரை வழி இது. எங்களால் உங்களை வந்து கூட்டிப்போக முடியாது என்றால், அதையும் எழுதுங்கள். 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை தொடங்கிய அன்றே கார்ட்டூம் விமான நிலையம் போர்க்களமாகிவிட்டது, தூதரகங்களே கிளம்பப் படாதபாடு பட்டன. முடியாததை முடியாது என்று எழுதினால் யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. அப்புறம், அறிவிப்பைப் புதுப்பித்தால் தேதியை மட்டும் மாற்றாதீர்கள். எந்த வரி மாறியது, ஏன் மாறியது என்று போடுங்கள். படிக்கிறவர்கள் பழைய அறிவிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். எனக்குத் தெரிந்தே நாலு பேர் அப்படிச் செய்கிறார்கள்.

என் சித்தி மகள் போய்விட்டாள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, பாதியில் விட்டால் அவள்தான் பணம் கட்ட வேண்டும். போகலாமா வேண்டாமா என்று கடைசிவரை நான் சொல்லவில்லை, அவளும் மறுபடி கேட்கவில்லை. போய் இறங்கியதும் முதல் வேலையாகத் தூதரகத்தில் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். பெயர், போன் நம்பர், மின்னஞ்சல், ஆஸ்பத்திரி விலாசம், எல்லாம் கொடுத்திருக்கிறாளாம்.

இந்த மடலுக்கு எனக்குப் பதில் வேண்டாம். எழுதுவதாக இருந்தால் அவளுக்கு எழுதுங்கள். விலாசம் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு நர்ஸின் அண்ணன்